மானும் மயிலுந்தானா? குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவில் நின்று பார்க்க வேண்டியவை

சேலத்தில் குரும்பப்பட்டி உயிரியல் பூங்காவுக்குப் போய்வந்த ஒருவரிடம் அங்கே என்ன பார்த்தீர்கள் என்று கேட்டால், "என்ன இருக்கு அங்க, மானும் மயிலுந்தான்" என்ற பதிலே பெரும்பாலும் கிடைக்கும். வண்டலூரையோ மைசூரையோ மனத்தில் வைத்துக்கொண்டு போகிறவர்கள் முக்கால் மணி நேரத்தில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, மரநிழலில் உட்கார்ந்து, வீட்டிலிருந்து கட்டிவந்த புளிசாதத்தைப் பிரித்துவிடுகிறார்கள். அவர்கள் சொல்வதில் பொய் ஒன்றுமில்லை. அங்கே நெடுங்காலமாக மானும் மயிலும் முதலையும் குரங்கும் நீர்ப்பறவைகளும்தான் முதன்மையாக இருந்து வந்திருக்கின்றன. ஆனால் அந்த மானையும் மயிலையும் அவர்கள் உண்மையில் பார்த்தார்களா என்பதில்தான் எனக்கு ஐயம். ஒரு கூண்டின் முன்னே நம்மவர்கள் நிற்கும் நேரம், கைப்பேசியில் படம் எடுக்க ஆகும் நேரத்தை விடப் பெரும்பாலும் அதிகமாக இருப்பதில்லை. அந்தப் பூங்காவில் எந்த இடத்தில் எதற்காகச் சற்றுக் கூடுதலாக நிற்க வேண்டும், அப்படி நின்றால் கண்ணில் படுவது என்ன, அது ஏன் அப்படி இருக்கிறது என்பவற்றை இங்கே விளக்க முயல்கிறேன்.

பூங்கா, நகரத்திலிருந்து ஏறத்தாழப் பத்து கிலோமீட்டர் தொலைவில், சேர்வராயன் மலையின் அடிவாரத்தில் அமைந்திருக்கிறது. 1981ஆம் ஆண்டு பதினொரு ஹெக்டேரை ஒட்டிய பரப்பில் சிறிய பூங்காவாகத் தொடங்கப்பட்டு, பின்னர் முப்பத்தொரு ஹெக்டேருக்கு மேல் விரிவாக்கப்பட்டது. வனத்துறையின் பொறுப்பில் இருக்கும் காட்டு நிலத்திலேயே இது அமைந்திருப்பதால், வேலிக்கு உள்ளே இருக்கும் மரங்களுக்கும் வெளியே மலைச்சரிவில் இருக்கும் மரங்களுக்கும் பெரிய வேறுபாடு தெரியாது. இதை ஒரு சிறப்பாகவே நான் கருதுகிறேன். சென்னையில் 1855ஆம் ஆண்டு அருங்காட்சியக வளாகத்தில் தொடங்கி, பின்பு நகரின் நடுவே நெடுங்காலம் இருந்த பழைய மிருகக்காட்சி சாலை, இடம் போதாமல் 1985ஆம் ஆண்டு வண்டலூருக்குப் பெயர்ந்தது. சேலத்திலோ தொடக்கத்திலேயே மலையடிவாரத்தில் இடம் வாய்த்துவிட்டது.

இங்கே இன்ன விலங்கு இருக்க வேண்டும், இன்னது இருக்கக் கூடாது என்பதைப் பூங்கா நிர்வாகம் தன் விருப்பப்படி முடிவு செய்துவிட முடியாது. 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் 1991ஆம் ஆண்டு செய்யப்பட்ட திருத்தத்தின் வழியாக மத்திய உயிரியல் பூங்கா ஆணையம் உருவாக்கப்பட்டது. 1992 முதல் அது இயங்கி வருகிறது. அந்த ஆணையத்தின் அங்கீகாரம் இல்லாமல் நாட்டில் எந்த உயிரியல் பூங்காவும் நடக்க முடியாது. பரப்பளவு, உயிரினங்களின் எண்ணிக்கை, ஆண்டுக்கு வரும் பார்வையாளர் கூட்டம் முதலியவற்றைக் கணக்கில் கொண்டு பூங்காக்கள் பெரியவை, நடுத்தரமானவை, சிறியவை, மிகச் சிறியவை என்று வகை பிரிக்கப்படுகின்றன. அரிய விலங்கு ஒன்றை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்குக் கொண்டுவர வேண்டுமானால், அதற்கான இருப்பிடத்தின் வரைபடம் முதற்கொண்டு அனுமதி பெற்றாக வேண்டும். குழந்தைகள் வாசலிலேயே கேட்கும் "யானை எங்கே?" என்ற கேள்விக்கும் விடை இங்கேதான் இருக்கிறது. காட்டில் ஒரு நாளில் பல கிலோமீட்டர் நடக்கும் யானையைச் சில ஏக்கர் இடத்தில் அடைத்துவைப்பது பொருந்தாது என்ற அடிப்படையில், உயிரியல் பூங்காக்களில் காட்சிக்காக யானைகளை வைத்திருக்கக் கூடாது என்றும், இருப்பவற்றை யானை முகாம்களுக்கு மாற்ற வேண்டும் என்றும் ஆணையம் 2009ஆம் ஆண்டு அறிவித்துவிட்டது. பெரிய விலங்குகள் இத்தகைய அனுமதிகளைப் பொறுத்து வரும், போகும் என்பதால், எப்போது போனாலும் காணக்கூடிய உயிரினங்களோடு இங்கே நின்றுகொள்கிறேன்.

முதலில் மான்களை எடுத்துக்கொள்வோம். இங்கே புள்ளிமானும் கடமானும் இருக்கின்றன. தென்மாவட்டத்தார் மிளா என்று சொல்வதும் நம் பக்கத்தில் கடமான் என்று சொல்வதும் ஒன்றுதான். பார்வையாளர்கள் புள்ளிமான் கூட்டத்தின் முன்னே சிறிது நேரமாவது நிற்கிறார்கள். கடமானைக் கண்டால், ஏதோ அழுக்குப் பிடித்த மாடு நிற்பது போல எண்ணிக் கடந்துவிடுகிறார்கள். உண்மையில் இந்தியாவில் உள்ள மான் இனங்களிலேயே உருவத்தில் பெரியது கடமான்தான். நன்கு வளர்ந்த ஆண் இருநூறு கிலோவைத் தாண்டும், புள்ளிமான் ஆணோ எண்பது கிலோவை ஒட்டி நின்றுவிடும். காய்ந்த இலைகளும் செம்மண்ணும் நிழலும் கலந்த மலைச்சரிவில் அந்த மங்கிய பழுப்பு நிறம் எவ்வளவு பயன்படும் என்பதை, அது மரத்தடியில் அசையாமல் நிற்கும்போது நாமே அதைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருப்பதிலிருந்து உணரலாம்.

கடமானின் கழுத்தைக் கவனியுங்கள். சில நேரங்களில் கழுத்தின் அடிப்பகுதியில் முடி உதிர்ந்து, தோல் சிவந்து, ஈரம் கசிந்து, புண்போலத் தெரியும். ஒருமுறை என் அருகில் நின்ற குடும்பம் ஒன்று, அடிபட்ட மானுக்கு மருந்து போடாமல் விட்டிருக்கிறார்களே என்று பணியாளரிடம் சண்டைக்கே போய்விட்டது. அது காயம் அன்று. கடமானுக்கு இயல்பாக, குறிப்பாக இனப்பெருக்கக் காலத்தை ஒட்டி, ஆணுக்கும் பெண்ணுக்கும் தோன்றும் ஒரு திட்டு. காட்டில் வாழும் கடமான்களிடமும் இதனைக் காணலாம். கண்ணுக்குக் கீழே ஒரு பிளவு தெரிவதும் அதேபோன்றதுதான். அது வாசனைச் சுரப்பி, விலங்கு மிரளும்போது அகன்று திறக்கும், ஓய்வாக இருக்கும்போது கோடு போலச் சுருங்கிவிடும். அந்தப் பிளவு விரிந்திருக்கிறதா என்று பார்த்தாலே, நாம் போட்ட கூச்சல் அதற்குப் பிடித்ததா இல்லையா என்பது தெரிந்துவிடும்.

மானின் தலையில் இருப்பதைக் கொம்பு என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். ஆட்டுக்கும் மாட்டுக்கும் இருக்கும் கொம்பு, எலும்பின் மேல் உறை போட்டது போன்றது. ஒருமுறை முளைத்தால் ஆயுள் முழுவதும் இருக்கும். மானின் கொம்போ முழுவதும் எலும்பு. ஆணுக்கு மட்டும் முளைத்து, முற்றி, விழுந்து, மறுபடி முளைக்கும். வளரும் பருவத்தில் அதன் மேல் மென்மயிர் போர்த்திய தோல் இருக்கும். அதனுள்ளே இரத்தம் ஓடும், தொட்டால் சூடாக இருக்கும், அடிபட்டால் வலிக்கும். வளர்ச்சி முடிந்ததும் அந்தத் தோல் காய்ந்து நார்நாராக உரிந்து தொங்கும், மான் அதனை மரத்தில் தேய்த்துக் கழித்துவிடும். புள்ளிமான்களில் எல்லா ஆண்களுக்கும் இது ஒரே மாதத்தில் நடப்பதில்லை. ஆகவே ஒரே கூட்டத்தில் முற்றிய கொம்புடன் ஒன்று, வெல்வெட் போர்த்திய மழுங்கிய கொம்புடன் ஒன்று, கொம்பே இல்லாமல் தலையில் இரண்டு வட்டத் தழும்புடன் ஒன்று என மூன்று நிலைகளையும் ஒரே நேரத்தில் பார்க்கும் வாய்ப்பு இருக்கிறது. காட்டில் இதைப் பார்க்கத் தொலைநோக்கியும் பொறுமையும் வேண்டும். இங்கே ஐந்து நிமிடம் போதும். நம் மொழியில் இளமானுக்கு மறி என்றும், ஆணுக்குக் கலை என்றும், பெண்ணுக்குப் பிணை என்றும் தனித்தனிச் சொற்கள் இருந்திருக்கின்றன. மானைக் கூர்ந்து பார்த்தவர்கள் வைத்த பெயர்கள் அவை. நாம் இன்று எல்லாவற்றையும் மான் என்ற ஒரே சொல்லில் அடக்கிவிட்டோம்.

மான் அடைப்பிடத்தில் மானை மட்டும் பார்க்காமல் மரங்களையும் பாருங்கள். ஆள் உயரத்துக்குச் சற்று மேலே வரை எல்லா மரங்களிலும் இலையே இருக்காது. அதற்கு மேலே, யாரோ நூல் பிடித்துக் கத்தரித்தது போல, ஒரே மட்டத்தில் தழை தொடங்கும். பின்னங்காலில் எழும்பி மான் எட்டிப் பிடிக்கக்கூடிய உயரம் அதுதான். மானுக்கு மேல்தாடையின் முன்பக்கத்தில் பல் கிடையாது. கெட்டியான ஈறு ஒன்றே இருக்கும். கீழ்ப் பற்களுக்கும் அந்த ஈறுக்கும் இடையே இலையைக் கவ்வி இழுப்பதால், கடித்த முனை நறுக்கென்று வெட்டுப்படாமல் பிய்ந்தது போல இருக்கும். தின்றதைப் பிறகு நிழலில் படுத்து அசைபோடும். கழுத்தின் பக்கவாட்டில் ஓர் உருண்டை கீழிருந்து மேலே ஏறுவதையும், மென்று முடித்தபின் மறுபடி கீழே இறங்குவதையும் தெளிவாகக் காணலாம். நண்பகலில் போனால் மான்கள் படுத்தே கிடக்கின்றன என்று சலித்துக்கொள்கிறவர்கள், அந்தப் படுக்கை நேரம்தான் அவற்றின் உணவு வேலையில் பாதி என்பதை நினைத்துப் பார்க்கலாம்.

இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். தடுப்புக்கு வெளியே இருக்கும் செடிகளைப் பிடுங்கி மானுக்கு நீட்டுவது, நம்மவர்கள் அன்பினால் செய்யும் வேலை. சேலம் மாவட்டத்தில் மரவள்ளிக்கிழங்கு பயிரிடும் யாரைக் கேட்டாலும், மரவள்ளித் தழையை அளவில்லாமல் மேய்ந்த ஆடு என்ன ஆகும் என்று சொல்லிவிடுவார்கள். அந்தத் தழையில் சயனைடு நஞ்சு உருவாகும் தன்மை இருக்கிறது. வீட்டு ஆட்டைக் கயிறு போட்டு இழுத்துப் பிடிக்கத் தெரிந்த நாம், பூங்கா மானுக்கு மட்டும் பெயர் தெரியாத தழையைக் கொடுப்பது வியப்புக்குரியது. அதைவிட மோசமானது பிளாஸ்டிக் உறை. தட்டுவடை செட் வைத்துத் தின்ற உறையில் காரச் சட்னியின் உப்பு ஒட்டியிருக்கும். உப்புக்கு ஆசைப்பட்டு மான் அந்த உறையையே விழுங்கிவிடும். அசைபோடும் விலங்கின் முதல் இரைப்பையில் போய்த் தங்கும் பிளாஸ்டிக், செரிக்கவும் செய்யாது, வெளியே வரவும் செய்யாது. சிறிது சிறிதாகச் சேர்ந்து உருண்டையாகி உணவுக்கான இடத்தை அடைத்துக்கொள்ளும்.

அடுத்து, என் கணக்கில் இந்தப் பூங்காவின் மிகச் சுவையான இடமும் மிகக் குறைவாகப் புரிந்துகொள்ளப்படும் இடமுமான முதலைத் தொட்டி. ஒரு ஞாயிற்றுக்கிழமை அங்கே நின்றிருந்தபோது, ஐந்தாறு வயதுப் பையன் ஒருவன் வெகுநேரம் முதலையையே பார்த்துவிட்டு, "அம்மாயி, இது பொம்ம, அசையவே மாட்டீங்குது" என்றான். அந்த அம்மாள் தடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு, "பொம்மைக்கு எதுக்குக் கண்ணு இத்தன ஒசரத்துக்குச் செவுரு கட்டப் போறாங்க?" என்று கேட்டார். அதைவிடச் சரியாக அந்தச் சுவரை எவரும் விளக்கிவிட முடியாது என்றே நினைக்கிறேன். ஆயினும் சில விவரங்களைச் சேர்க்கலாம்.

இங்கே இருப்பது சதுப்புநில முதலை. மூக்குப் பகுதி அகலமாக இருப்பதால் எளிதில் அடையாளம் தெரியும். இது சேலத்துக்கு அயலான விலங்கு அன்று; நம் மாவட்டத்தின் மேற்கு எல்லையில் ஓடும் காவிரியில், ஒகேனக்கல்லிலும் மேட்டூர் நீர்ப்பரப்பிலும் இவை இயற்கையாகவே வாழ்கின்றன, ஒகேனக்கல்லில் முதலைகளுக்கென்று ஒரு மறுவாழ்வு மையமும் இருக்கிறது. தோலுக்காக வேட்டையாடப்பட்டு அருகிவந்த நிலையில், 1975ஆம் ஆண்டு நாடு தழுவிய முதலைப் பாதுகாப்புத் திட்டம் தொடங்கப்பட்டது. முட்டைகளைச் சேகரித்து, பாதுகாப்பான இடத்தில் பொரிக்கவைத்து, குஞ்சுகளை வளர்த்து ஆறுகளில் விடுவது அதன் முறை. நம் மாநிலத்தில் அமராவதி அணைப் பகுதியிலும் சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியிலும் இந்தப் பணி நடந்தது. பின்னாளில் விடுவதற்கு ஆறு போதாத அளவுக்கு முதலைகள் பெருகிவிட்டன.

முதலை அசையாமல் கிடப்பதற்குச் சோம்பல் காரணம் அன்று. தன் உடல் வெப்பத்தைத் தானே உண்டாக்கிக்கொள்ளாத விலங்கு அது. காலையில் கரையேறி வெயிலில் கிடக்கும். முதுகில் வரிசையாகத் தெரியும் மேடுகளுக்குள் எலும்புத் தகடுகளும் அவற்றைச் சுற்றி இரத்தக் குழாய்களும் உண்டு, அவை வெயிலின் சூட்டை வாங்கி உடலுக்குள் அனுப்புகின்றன. சூடு மிகுந்தால் வாயைப் பிளந்துகொண்டு கிடக்கும். வாயின் ஈரத்தோல் வழியே வெப்பம் வெளியேறும். பிளந்த வாயைப் பார்த்துக் கோபமாக இருக்கிறது என்று பயப்படுவதும், பசியாக இருக்கிறது என்று இரக்கப்பட்டு பிஸ்கட்டை வீசுவதும் ஒரே தவறின் இரண்டு முகங்கள். வெப்பத்துக்காக உணவைச் செலவழிக்காத உடம்பாகையால், முதலைக்கு நாள்தோறும் உணவு தேவையில்லை. வாரத்துக்கு ஓரிரு வேளை இறைச்சியோ மீனோ போதும். பார்வையாளர்கள் உள்ளே நாணயத்தையும் கல்லையும் வீசிப் பார்க்கும் பழக்கம் எல்லா ஊரிலும் இருக்கிறது. முதலை இயல்பாகவே சிறு கற்களை விழுங்கும் பழக்கம் உடையது. வீசியது கல்லா, நாணயமா, பாட்டில் மூடியா என்று அது பிரித்துப் பார்ப்பதில்லை.

சுவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சதுப்புநில முதலை நன்றாகக் குழி தோண்டும். கோடையில் ஆறு வற்றும்போது கரையில் வளை தோண்டி உள்ளே போய்க் கிடக்கும். ஆகவே முதலை இருப்பிடத்தின் சுவருக்கு வெளியே தெரியும் உயரத்தைப் போலவே மண்ணுக்குள் இறங்கும் ஆழமும் முக்கியம். உள்ளே ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் மணல் மேடு என்று அமைத்திருப்பார்கள். மணல், முட்டையிடுவதற்கு. பெண் முதலை குழி பறித்து இருபது முப்பது முட்டைகளை இட்டு மூடிவிடும். பிறப்பது ஆணா பெண்ணா என்பதை அந்த மணலின் சூடே முடிவு செய்கிறது. முப்பத்திரண்டரை டிகிரியை ஒட்டி இருந்தால் ஆண்கள் மிகும், அதற்குக் கீழே இறங்கினால் பெண்களே பிறக்கும். இரண்டு மூன்று டிகிரி வேறுபாட்டில் ஒரு தலைமுறையே மாறிவிடும் என்பதை அறிந்தபின் அந்த மணல் மேட்டைப் பார்த்தால், அது வெறும் மணலாகத் தெரியாது.

குரங்குக் கூண்டின் முன்னே, "கொரங்கப் பாக்க டிக்கெட்டா?" என்று சிரிக்காத சேலத்துக்காரர் குறைவு. ஏற்காடு மலைப்பாதையின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஏதாவது ஒன்றில் காரை நிறுத்தினால் போதும், கண்ணாடி வழியே கையை நீட்டும். இங்கே இருப்பதும் அங்கே இருப்பதும் அதே நாட்டுக்குரங்குதான். உச்சந்தலையில் ஒரு புள்ளியிலிருந்து முடி சுற்றிலும் விரிந்து, குல்லாய் வைத்தது போலத் தோன்றுவதால் குல்லாய்க்குரங்கு என்றும் சொல்வார்கள். தென்னிந்தியத் தீபகற்பத்தைத் தவிர உலகில் வேறெங்கும் இந்த இனம் இயற்கையாக இல்லை. நமக்குச் சலிப்பூட்டும் அளவுக்குக் கண்ணில் படும் இந்தக் குரங்கு, உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியத்தின் பட்டியலில் அழிவுக்குள்ளாகக் கூடிய இனமாகச் சேர்க்கப்பட்டிருக்கிறது என்றால் பலர் நம்புவதில்லை. சாலையோர மரங்கள் வெட்டப்பட்டதும், வடக்கிலிருந்து வேறொரு குரங்கினம் தெற்கு நோக்கிப் பரவி வருவதும் அதற்கான காரணங்களில் அடங்கும்.

மலைப்பாதையில் நாம் காண்பது, சிப்ஸ் பொட்டலத்துக்குப் பழக்கப்பட்ட குரங்கின் நடத்தை. அடைப்பிடத்தில் உணவுக்காகப் பறித்துத் தின்ன வேண்டிய நெருக்கடி இல்லாததால், அவற்றின் குடும்ப வாழ்க்கையைப் பார்க்கலாம். ஒன்று மற்றொன்றின் முடியை விலக்கிப் பார்ப்பது பேன் எடுக்க மட்டும் அன்று. யார் யாருக்கு அதைச் செய்கிறார்கள், யார் அமைதியாகக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள் என்று பத்து நிமிடம் கவனித்தால் அந்தக் கூட்டத்தில் யார் மேலே, யார் கீழே என்ற வரிசை புரிந்துவிடும். வாழைப்பழத்தைக் கொடுத்தவுடன் கன்னம் புடைப்பது, தாடைக்குள் இருக்கும் பையில் அதை ஒதுக்கிக்கொள்வதால். பிறகு பிடுங்குவார் இல்லாத மூலையில் போய் உட்கார்ந்து, புறங்கையால் கன்னத்தை அழுத்தி வெளியே கொண்டுவந்து தின்னும். பல்லைக் காட்டுவதைச் சிரிப்பு என்று எண்ணிப் பதிலுக்குப் பல்லைக் காட்டும் இளைஞர்கள், குரங்கின் மொழியில் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறோம் என்பதை அறியாதவர்கள். பல் தெரிவது அச்சம் அல்லது மிரட்டல். கொட்டாவி விடுவது போல வாயை அகலத் திறந்து கோரைப்பல்லைக் காட்டினால், அது விலகிப் போ என்ற தெளிவான எச்சரிக்கை.

கூண்டுக்கும் பார்வையாளர் நிற்கும் கம்பித் தடுப்புக்கும் இடையே விடப்படும் இடைவெளி, கை நீட்டினால் எட்டாத தூரம் என்ற கணக்கில் அமைக்கப்படுவது. கடிபடாமல் நம்மைக் காப்பது மட்டும் அதன் வேலையில்லை. குரங்கும் மனிதரும் உடலமைப்பில் நெருங்கியவர்கள் என்பதால் காசநோய் போன்றவை நம்மிடமிருந்து அவற்றுக்குத் தொற்றக்கூடும்.

பறவைகளில் மயிலைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. சேலத்தைச் சுற்றியுள்ள தோட்டங்களில் அது தக்காளியையும் கடலையையும் கொத்திவிட்டுப் போகிறது என்று விவசாயிகள் நொந்துகொள்ளும் அளவுக்குப் பெருகிவிட்டது. 1963 முதல் அது நாட்டின் தேசியப் பறவை, வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் காப்பிலும் இருப்பதால் விரட்டலாம், தொடக்கூடாது. நாம் தோகை என்று சொல்வது வால் அன்று என்பதை மட்டும் பூங்காவில் சரிபார்த்துக்கொள்ளலாம். மயில் ஆடும்போது பின்புறமாகச் சென்று பாருங்கள். தோகையை முட்டுக்கொடுத்துத் தாங்கி நிற்கும் குட்டையான பழுப்பு நிற இறகுகள்தான் உண்மையான வால், தோகை என்பது முதுகின் பின்பகுதியிலிருந்து முளைப்பது. அந்த நீலமும் பச்சையும் சாயத்தினால் வந்த நிறங்கள் அல்ல. இறகின் நுண்ணிய அமைப்பில் ஒளி சிதறுவதால் தோன்றுபவை. அதனால்தான் பார்க்கும் கோணம் மாறினால் நிறமும் மாறுகிறது. மழைக்காலம் கழிந்ததும் தோகை உதிர்ந்துவிடும். ஐப்பசியில் போய்விட்டு மயிலுக்குத் தோகையே இல்லை என்று குறைப்பட்டுக்கொள்வதில் பயனில்லை.

நீர்ப்பறவைகளின் பெரிய கூண்டில் நேரம் செலவழிப்பது நல்லது. கூழைக்கடாவின் அலகுக்குக் கீழே தொங்கும் பையில் அது மீனைச் சேமித்து வைக்கும் என்று நம்மில் பலர் பள்ளியில் படித்ததாக நினைவு. உண்மையில் அது ஒரு வலை. மீனோடு தண்ணீரையும் அள்ளி, தலையைத் தாழ்த்தித் தண்ணீரைப் பிழிந்து விட்டு, பின் மீனை விழுங்கும். வெயில் நேரத்தில் அந்தப் பை படபடவென்று துடித்துக்கொண்டிருப்பது உடல் சூட்டைத் தணிக்க. பக்கத்தில் நிற்கும் மஞ்சமூக்கு நாரை வேறொரு வகையில் வேலை செய்யும். கலங்கிய நீரில் அலகைப் பாதி திறந்து நுழைத்து, தலையை இருபுறமும் வீசிக்கொண்டே நடக்கும். கண்ணுக்கு அங்கே வேலையில்லை, அலகில் ஏதாவது பட்டவுடன் படக்கென்று மூடிக்கொள்ளும். கூண்டில் கொடுக்கும் மீனையும் அது சில நேரம் இதே முறையில் துழாவித்தான் எடுக்கும். வளர்ந்த நாரைகளுக்குக் குரல் அநேகமாக இல்லை என்பதால், அலகுகளைத் தட்டும் ஓசையே அவற்றின் பேச்சு. கொக்கு வகைகளான மடையானையும் வக்காவையும் பார்க்க விரும்புகிறவர்கள் கண்ணங்குறிச்சியில் மூக்கனேரிக் கரையில் நின்றாலும் போதும். ஏரிக்குள் மண் திட்டுகள் அமைத்து மரம் வளர்த்த பிறகு அங்கே பறவைகள் தங்குகின்றன.

கிளிக் கூண்டின் முன்னே நிற்கும்போது, நம் வீட்டிலும் ஒன்று இருக்கிறதே என்று யாராவது சொல்வதைக் கேட்கலாம். பச்சைக்கிளியைக் கூண்டில் வைத்து வளர்ப்பது சட்டப்படி குற்றம்; கடைகளில் விற்கப்படும் லவ் பேர்ட்ஸ் வெளிநாட்டு இனம் என்பதால் அதற்குக் கணக்கு வேறு. நட்சத்திர ஆமைக்கும் இதே கதைதான். வீட்டில் வைத்தால் செல்வம் பெருகும் என்ற நம்பிக்கையும், வெளிநாடுகளில் வளர்ப்புப் பிராணியாக அதற்கு இருக்கும் கிராக்கியும் சேர்ந்து, உலகில் மிக அதிகமாகக் கடத்தப்படும் ஆமைகளுள் ஒன்றாக அதை ஆக்கிவிட்டன. 2019ஆம் ஆண்டு முதல் பன்னாட்டு வணிகம் முற்றாகத் தடுக்கப்பட்ட பட்டியலில் அது இருக்கிறது. ஓட்டின் மேல் ஒவ்வொரு மேட்டின் உச்சியிலிருந்தும் மஞ்சள் கோடுகள் கதிர்போல விரிவது மேசை மேல் வைத்துப் பார்த்தால் பளிச்சென்று தெரியும், காய்ந்த புல்லில் விட்டால் கண்ணை ஏமாற்றிவிடும். உயர்ந்த கூம்பு போன்ற ஓடு இருப்பதால், மல்லாந்து விழுந்தாலும் பெரும்பாலும் தானே உருண்டு நிமிர்ந்துகொள்ளும்.

கூண்டுகளின் முன்னே இருக்கும் தகவல் பலகைகளைப் படிப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் எந்த அட்டவணையில் அந்த விலங்கு இருக்கிறது என்று அவற்றில் எழுதியிருக்கும். முன்பு ஆறு அட்டவணைகள் இருந்தன; 2022ஆம் ஆண்டுத் திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தபின் நான்காகிவிட்டன. முதல் இரண்டு விலங்குகளுக்கு, மூன்றாவது தாவரங்களுக்கு, நான்காவது பன்னாட்டு வணிக ஒப்பந்தத்தில் இடம்பெற்ற உயிரினங்களுக்கு. எந்த ஊர்ப் பூங்காவிலாவது மானின் பலகையில் மூன்றாம் அட்டவணை என்று கண்டால், அது பழைய பலகை.

பூங்காவில் இல்லாதவற்றையும் சேர்த்துப் பார்த்தால்தான் இந்த இடம் முழுமையாகப் புரியும். எதிரே எழுந்து நிற்கும் சேர்வராயன் மலை, சேலத்தின் முந்நூறு மீட்டரை ஒட்டிய உயரத்திலிருந்து ஏற்காட்டில் ஆயிரத்து ஐந்நூறு மீட்டருக்கு ஏறுகிறது. அடிவாரத்தில் முள்மரமும் மூங்கிலும், மேலே குளிர்ந்த சோலையும் காப்பித் தோட்டமும். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சேலம் ஆட்சியராக இருந்த காக்பர்ன் காலத்தில் காப்பி பயிரிடப்பட்ட பிறகு, மேட்டுக்காட்டின் பெரும்பகுதி தோட்டமாகிவிட்டது. அந்தத் தோட்டங்களுக்குள்தான் இன்று காட்டெருமைகள் நடமாடுகின்றன. அதை எருமை என்று சொல்வது பிழை. அது மாட்டினம், காட்டுமாடு என்பதே பொருத்தம். நான்கு கால்களிலும் முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் காலுறை போட்டது போலத் தெரியும். சேர்வராயன் மலைக்கே உரிய, மண்ணுக்குள் வாழும் கேடயவால் பாம்பு ஒன்றும் உண்டு; விரல் பருமனில் இருக்கும் அந்தச் சாதுவான உயிரை, மழை பெய்த மறுநாள் தோட்ட வேலைக்குப் போகிறவர்கள் மண்வெட்டியில் பார்த்துப் பதறி அடித்துவிடுகிறார்கள். இவை எதுவும் கூண்டில் இல்லாவிட்டாலும், கீழே கடமானையும் நாட்டுக்குரங்கையும் நின்று பார்த்தவர் மேலே போகும்போது கண்ணைத் திறந்துகொண்டு போவார்.

எப்போது போவது என்ற கேள்விக்கு, காலையில் வாசல் திறந்தவுடன் என்பதே என் பதில். மார்ச் முதல் மே வரை சேலத்து வெயிலில் பத்தரை மணிக்கு மேல் எந்த விலங்கும் நிழலை விட்டு வெளியே வராது, நாமும் பார்க்கும் மனநிலையில் இருக்க மாட்டோம். ஆடி, ஆவணியில் மயிலுக்குத் தோகையும் இருக்கும், மலையும் பச்சையாக இருக்கும். உயிரியல் பூங்காக்கள் வாரத்தில் ஒரு நாளாவது பார்வையாளர்களுக்கு மூடப்பட வேண்டும் என்பது விதி. தொட்டிகளைக் கழுவுவதும், விலங்குகளை மருத்துவர் பார்ப்பதும், இருப்பிடத்தைப் பழுதுபார்ப்பதும் ஆள் நடமாட்டம் இல்லாத அந்த நாளுக்கே வசதியானவை. வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அந்த விடுமுறை எந்தக் கிழமை என்பதைக் கிளம்பும் முன்பே விசாரித்துக்கொள்வது நல்லது. அது தெரியாமல் வந்து, பூட்டிய வாசலில் குழந்தைகளோடு நின்றுவிட்டு ஏற்காட்டுக்கு வண்டியைத் திருப்பிய குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.